அவள் சொன்ன மூன்று மணி

மோமினா எனக்குத் தர வேண்டியது மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது பிர். அது என் சீட்டுப் பணம். எடுத்த அன்றே அவள் கையில் கொடுத்தேன். பாஸ்போர்ட்டுக்கு, தலைநகர் அடிஸுக்குப் போகிற பஸ்ஸுக்கு, ஏஜெண்டின் டீச்செலவுக்கு என்று கணக்குச் சொன்னாள். அவன் அவ்வளவு டீயா குடிக்கிறான் என்று கேட்டேன்.

"அவன் குடிக்கிறது டீ இல்லடி, என் ரத்தம். சர்க்கரை மட்டும் தனியாக் கேக்கறான்" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் தெஸ்ஸியில் தெருவுக்குப் பாவுகிற கல்லைச் சுமந்தவர்கள். இரண்டு கம்பில் பலகை அறைந்த தூக்குக்கு எங்கள் ஊரில் பரேலா என்று பெயர். முன்கம்பில் ஒருத்தி, பின்கம்பில் ஒருத்தி, நடுவில் கல். நான்கு வருடம் மோமினா முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். அவள் முகத்தைவிட முதுகைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். பேச்செல்லாம் முதுகோடுதான். அவள் சிரித்தால் தோள் குலுங்கும், பலகை குலுங்கும், கல் நகரும், நான் திட்டுவேன்.

பரேலாவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்னால் போகிறவள் இறக்குவதற்கு முன் "வெக்கறேன்" என்று சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவள் "வெய்" என்ற பிறகுதான் குனிய வேண்டும். சொல்லாமல் இறக்கினால் பின்னால் இருப்பவளின் கால்விரல் போய்விடும். மோமினா ஒருநாளும் சொல்லாமல் வைத்ததில்லை.

அவள் ரியாத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் அஃபு கேட்டு வீடு வீடாகப் போனாள். தூரதேசம் போகிறவர்கள் அப்படிக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேசின பேச்சு, வாங்கின கடன், தெரியாமல் செய்த தீங்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று சொல்ல அந்த ஒரு சொல் போதும். முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு என்று பார்ப்பதில்லை, தெருவே சொல்லும். அவளுக்கும் எல்லாரும் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை.

"என் சீட்டை முழுங்கிட்டு அஃபு கேக்கறியா? வந்து குடு, அப்புறம் சொல்றேன்."

"சாகறதுக்குள்ள சொல்லுவியா?"

"பணம் வந்தா சொல்லுவேன்."

அவள் கோபப்படவில்லை. தன் அடையாள அட்டையை எடுத்து என் மடியில் போட்டாள். நம் பேட்டை அலுவலகத்தில் கொடுக்கிற அட்டை, படம் ஒட்டி முத்திரை குத்தினது. "பாஸ்போர்ட் இருக்கறவளுக்கு இது எதுக்கு. அடகா வெச்சுக்கோ. பணத்தைக் குடுத்துட்டு வாங்கிக்கறேன்" என்றாள். நான் அதைப் பருப்பு டப்பாவில் போட்டு வைத்தேன்.

பணத்துக்காக நான் அப்படிச் சொல்லவில்லை. எல்லாருடைய அஃபுவையும் வாங்கிக்கொண்டு போன பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கடன் இல்லாதவளுக்கு ஊரில் என்ன வேலை? ஒரு கயிறாவது இங்கே கட்டியிருக்கட்டும் என்று நினைத்தேன்.

போன புதிதில் வாரத்துக்கு இரண்டு முறை பேசினாள். மேடத்தின் பிள்ளைகள் தூங்கும்போது குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுவாள். என் காதில் பாதி மோமினா, பாதி தண்ணீர். ஒருமுறை "வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் பேசறேன்" என்றாள். விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் எங்களுக்கு மணி ஒன்று. நான் விடியலிலேயே கல்குவியலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. போனை ரொட்டிப் பைக்குள் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அவள் உச்சிவெயிலில் அழைத்திருக்கிறாள், நான்கு தடவை. அவர்களுக்கு அதுதான் ஒரு மணி. நம்முடைய ஏழு.

அடுத்தமுறை பேசும்போது நான் விடவில்லை. "அரபி ஆயிட்டியா? அங்க சூரியன் மத்தியானத்துலதான் உதிக்குதா? நாலு மாசத்துல சொந்த ஊரு மணி மறந்துபோச்சு, நாலு வருஷத்துல என் பேரே மறந்துரும்."

தண்ணீர் மட்டும் கொட்டியது. "சரி, விடு" என்றாள். கேலி அவளுக்கு உறைத்தது என்று தெரிந்தது. பாவம், அந்த ஊர் மணியில்தானே அவள் எழுந்து படுக்கிறாள், இனிமேல் நாம்தான் அவள் மணிக்குப் பழக வேண்டும் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் போன ஐந்தாவது வருட மழையில் எங்கள் பக்கம் சண்டை தொடங்கியது. போனில் இணையத்தை நிறுத்திவிட்டார்கள். எப்போது விடுவார்கள் என்று கேட்க ஒரு இடமும் இல்லை. குரல் மட்டும் வரும், போகும், நடுவில் அறும். படமோ பதிவு செய்த பேச்சோ போகாது. பெரிய ஹோட்டல்களிலும் ஒன்றிரண்டு அலுவலகங்களிலும் தரைவழிக் கம்பியில் இணையம் இருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் ஹோட்டலின் முற்றத்துக்குக் கல் பாவினவர்கள் நாங்கள்தான். அங்கே வரவேற்பில் இருக்கும் சோசினா அப்போதிருந்து பழக்கம். அவளுக்கு வேலை உச்சிப்பொழுதில், எங்கள் ஆறு மணிக்குத்தான் தொடங்கும். மாதம் ஒருமுறை, மதியத்துக்கு மேல், சமையல்கட்டுப் பக்கமாக நுழைந்து போனை நீட்டுவேன். வை-ஃபையின் கடவுச்சொல்லை அவளே போட்டுக் கொடுப்பாள். அது ஆங்கில எழுத்தில் இருக்கும். நான் எழுத்துக் கற்றதே முப்பத்தாறு வயதில், கல்வேலைக்காரர் சங்கத்து மாலை வகுப்பில். எங்கள் எழுத்தோடு சரி, அந்த எழுத்து தெரியாது.

போட்டதும் ஒரு மாதத்து மோமினா மொத்தமாக வந்து விழுவாள். சில நேரம் முறை மாறி விழும். கேள்வி வருவதற்கு முன் பதில் வரும். "அதனாலதான் அழுதேன்" என்று ஒன்று வரும்; எதனால் என்பது கடைசி வரைக்கும் வராது. வெங்காயம் உரிப்பவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்பேன். என் பதிலையும் பேசி அனுப்பிவிட்டு வருவேன். அவள் அதை எப்போது கேட்பாளோ தெரியாது. ஒருமுறை அவளுக்குப் பல்வலி என்று கேட்டு, கிராம்பு வைக்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் பதில் வந்தது: "எந்தப் பல்லுக்குடி? அதைப் பிடுங்கியாச்சு."

பிறகு அவள் குரல் வருவதும் நின்றது. மேடம் போனைப் பிடுங்கிவிட்டாள் என்று பின்னால்தான் தெரிந்தது.

பாஸ்கா பண்டிகைக்கு முந்தின பெரிய நோன்புக் காலத்தில் ஒரு சாயங்காலம் அழைப்பு வந்தது. திரையில் நம்பர் விழவில்லை, வெறும் பூஜ்யங்கள்.

"திரிங்கோ, என் அட்டை இருக்கா?"

"யாரு, மோமினாவா? எந்த அட்டை?"

"அடகு வெச்சேனே."

"கடனைக் குடுக்காம அடகைக் கேக்கற."

அவள் சிரிக்கவில்லை. பதினோரு மாதமாகச் சம்பளம் இல்லை, மேடத்தின் வீட்டை விட்டு ஓடி வந்துவிட்டேன் என்றாள். பாஸ்போர்ட் மேடத்திடம். நம் நாட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிற ஓர் அறையில் ஒண்டியிருக்கிறாள். அங்கே நம் நாட்டு அலுவலகத்தில் ஒரு ஜன்னல் உண்டு. இன்னார்தான் என்று காட்ட ஏதாவது ஒன்று இருந்தால் ஊர் திரும்ப ஒருவழித் தாள் தருவார்கள். போனில் படமாக இருந்தாலும் ஒப்புக்கொள்கிறார்கள். நாளையோடு பெயர் எழுதுவது முடிகிறது.

"ஹவான்னு ஒருத்தி கூட இருக்கா, அவ போன் இது. நம்பரைச் சொல்றேன், எழுதிக்கோ. அட்டையைப் படம் எடுத்து இதுக்கு அனுப்பு. நாளைக்கு மூணு மணிக்கு நான் ஜன்னல்ல நிக்கணும். அதுக்குள்ள வந்துடணும். நாலுக்கெல்லாம் ஹவா ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிடுவா. வேற யார்கிட்டயும் போன் இல்ல."

நம்பரைக் கரித்துண்டால் சுவரில் எழுதினேன். திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன்.

"மூணு மணிடி. மறந்துடாத."

"மறப்பேனா. நீ..." என்று நான் தொடங்கும்போது அறுந்தது.

அப்போதே ஓடியிருப்பேன். இருட்டினால் தெருவில் நடமாடக்கூடாது என்று உத்தரவு. பொழுதும் சாய்ந்திருந்தது. கரண்டும் இல்லை, அட்டையை விளக்கு வெளிச்சத்தில் படம் எடுத்தேன், முகம் மட்டும் கறுப்பாக விழுந்தது, பெயரே தெரியவில்லை. பகலில் எடுத்துக்கொள்ளலாம் என்று அட்டையையே மடியில் கட்டிக்கொண்டேன். சுவரில் இருந்த நம்பரைப் போனில் ஏற்றினேன். மோமினா சொன்ன மூன்று அவர்களுடைய மூன்று. நமக்கு ஒன்பது, நல்ல பின்மதியம். சோசினா ஆறுக்கு வருவாள். ஆறுக்கே போய் நின்றால் மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது. காலையில் அரைநாள் கல் தூக்கலாம்; அரைநாள் கூலியை விட நோன்புக் காலத்தில் யாருக்கு மனசு வரும். எல்லாம் சரியாக இருந்தது. மரியாளை வேண்டிக்கொண்டு தூங்கினேன்.

கல் உடைக்கும் இடம் ஊருக்கு மேலே, மலைச்சரிவில். இப்போது என் முன்கம்பில் ஜெம்பெரே என்பவர். பட்டாளத்தில் இருந்து ஒரு காலைப் பாதியாக்கிக்கொண்டு வந்தவர். சாய்ந்து சாய்ந்து நடப்பார், அதனால் கல் எப்போதும் இடது பக்கம் சரியும்.

"மதியம் போறேன் அண்ணே. ஹோட்டல்ல வேலை இருக்கு."

"ஹோட்டல்லயா? சூட்டு தெச்சாச்சா?"

"மோமினாவுக்குப் படம் அனுப்பணும்."

"அந்தக் கடன்காரியா. என் பங்குக்கும் ஒரு படம் அனுப்பு. இந்தக் காலை எடுத்து அனுப்பு, அரபிக்காரி யாராவது இரக்கப்படுவா."

சிரித்துக்கொண்டே பத்து நடை நடந்திருப்போம். பலகையில் பெரிய கல் இருந்தபோது மடியில் போன் அடித்தது. "வெக்கறேன்" என்று ஜெம்பெரேதான் சொல்ல வேண்டும். அன்று நான் கத்தினேன். இறக்கினோம்.

"எங்கடி இருக்க?" மோமினாவின் குரல். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"கல்லுல."

"கல்லுலயா? படம் எங்க?"

"மதியம் அனுப்பறேன்டி. ஆறுக்கே போயிடுவேன். நீ மூணுக்குத்தானே..."

"மணி மூணாச்சு."

நான் சூரியனைப் பார்த்தேன். கிழக்கு மலையின் தோளை விட்டு ஓர் ஆள் உயரம் ஏறியிருந்தது. எங்கள் மணி மூன்று.

"யாரோட மூணு?" என்றேன். "உன் மூணா, என் மூணா?"

"உன் மூணுடி. உனக்குத்தானே சொன்னேன், உன் மணியிலதான் சொன்னேன். இங்க இப்ப ஒன்பது, ஒன்பதுன்னா உனக்குக் குழம்பும்னு விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அன்னிக்கு அவ்வளவு கேலி பண்ணினியே."

"நான் உன் மணின்னு எடுத்துக்கிட்டேன்."

என் பக்கம் உளிச்சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் எனக்காக ஆறு மணி நேரம் இறங்கி வந்திருக்கிறாள். நான் அவளுக்காக ஆறு மணி நேரம் ஏறிப் போயிருக்கிறேன். வழியில் ஒருவரையொருவர் பார்க்காமலே கடந்து போய்விட்டோம்.

"ஓடுடி" என்றாள். அழுதாளா என்று தெரியவில்லை. "வரிசைல பின்னால போய் நிக்கறேன். நாலு வரைக்கும் ஹவா இருப்பா."

ஜெம்பெரே கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என் பக்கத்துக் கம்பைக் காலால் தள்ளி வழிவிட்டார். ஓடினேன்.

மலையிலிருந்து பஸ் நிலையம் ஒரு மணி நேர நடை. சண்டை வந்ததிலிருந்து பஜாஜ் ஆட்டோக்கள் ஓடக்கூடாது. இருந்திருந்தால் கால் மணி நேரம். செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டேன். பாதி வழியில் கயிறு கட்டிச் சோதனை. பெண்களுக்குத் தனி வரிசை. எனக்கு முன்னால் கோழி வைத்திருந்தவளின் கோழியை எல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. மடியை அவிழ்க்கச் சொன்னான் ஒரு சிப்பாய். சின்ன வயசு, பேச்சு வேறு பக்கத்துப் பேச்சு. என் அட்டையைப் பார்த்தான். பிறகு மோமினாவின் அட்டையைப் பார்த்தான்.

"ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு அட்டை?"

"அது என் சிநேகிதியோடது."

"அவளை வரச் சொல்லு."

"ரியாத்ல இருக்கா."

"அவ அங்க, அட்டை இங்கயா?"

"அடகு வெச்சிருக்கா."

அவன் பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டான். "இங்க வா, இந்தம்மா மனுஷங்களை அடகு பிடிக்குது." இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தால் விட்டுவிடுவார்கள் என்று நானும் சிரித்தேன். அவன் விடவில்லை. பெரியவரிடம் காட்ட வேண்டும் என்று அட்டையை எடுத்துக்கொண்டு போனான். பெரியவர் வண்டியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் இஞ்சேராவைக் கிழித்து, குழம்பில் தோய்த்து, வாயில் வைக்கிறதையெல்லாம் நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்க் காலில் விழலாம். கயிற்றைத் தாண்டினால் சுடுவார்கள். நின்றேன். அவர் கையைக் கழுவிவிட்டு அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "போகச் சொல்" என்பதுபோல் கையை ஆட்டினார். அதற்கு அவ்வளவு நேரம்.

ஹோட்டலில் சோசினா இல்லை என்பது தெரிந்ததுதான். காலைநேரத்து ஆள் கோட்டுப் போட்டிருந்தான். என் காலையும் கல்தூசியையும் பார்த்தான்.

"சமையல்கட்டுக்கு அந்தப் பக்கம்."

"வை-ஃபை வேணும் தம்பி. ஒரே ஒரு படம்."

"தங்கறவங்களுக்கும் சாப்பிடறவங்களுக்கும்தான்."

"காப்பி குடு. குடிக்கிறேன்."

பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டான். காப்பிக்காக நான் காத்திருக்கவில்லை, அவன் காத்திருந்தான். காப்பி வந்து மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் கடவுச்சொல் எழுதிய சீட்டைத் தந்தான். பார்த்தேன். ஆங்கில எழுத்து. கொக்கியும் கோடுமாக இருந்தது. எனக்கு எதிரில் நூறு கல் கிடந்தால் எது எங்கே உட்காரும் என்று தெரியும். இந்த எட்டு எழுத்தில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"நீயே போட்டுக் குடு தம்பி."

அவன் பெருமூச்சு விட்டான், போட்டான். கெட்டவன் இல்லை. அட்டையைப் படம் எடுக்கும்போது வெளிச்சம் படும்படி ஜன்னல் துணியை விலக்கியும் விட்டான். முகம் தெளிவாக விழுந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தின மோமினா, சிரிக்காதே என்று படக்காரன் சொன்னதால் வாயை இறுக்கிக்கொண்டவள். அனுப்பினேன். படத்தின் மேல் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

போன் அடித்தது.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன். அனுப்பிட்டேன். சுத்துது."

"இங்க ஒண்ணும் வரல."

"சுத்துதுடி. சுத்திட்டே இருக்கு."

"எனக்கு முன்னால ஒருத்திதான். ஹவா, கொஞ்சம் இரு, ஒரு நிமிஷம். திரிங்கோ, ஹவா பையைத் தூக்கிட்டா. வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்."

"அவகிட்ட சொல்லு, மரியாள் பேரால..."

"அவளுக்கு மரியாள் வேண்டாம், பிளைட் வேணும். போக வேண்டியவ போகட்டும். என்னாச்சு?"

"சுத்துது."

ஜன்னல்காரர் ஏதோ கேட்பது தூரத்தில் கேட்டது. "இதோ வருதுங்க, அட்டை வருதுங்க" என்று மோமினா பதில் சொன்னாள். அவளுடைய பணிவான குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தக் குரலோடு அறுந்தது.

வட்டம் சுற்றி முடிந்து ஒரு டிக் விழுந்தது. என்னை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டாவது டிக் விழுந்தால் அங்கே போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அந்த ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காப்பி ஆறி மேலே ஆடை கட்டியது. நம்பரை அழைத்தேன், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது, முதலில் அரபியில், பிறகு இன்னொரு மொழியில். கோட்டுக்காரன் வந்து "போச்சா அம்மா?" என்று கேட்டான். பாதி போச்சு என்றேன். அவனும் எட்டிப் பார்த்தான். காப்பிப் பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்றான்.

சோசினா வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைத் தன் நாற்காலிக்குப் பின்னால் உட்காரவைத்தாள். தெருவில் நடமாட்டம் அடங்கும் நேரம் வரை இருந்தேன். கிளம்ப எழுந்தபோது இரண்டாவது டிக் விழுந்தது. சோசினாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டேன். வளையல் உடைந்தது.

உடனே அழைப்பும் வந்தது. மோமினா இல்லை. தெரியாத பெண் குரல்.

"அக்கா, நான் ஹவா. அட்டைப் படம் இப்பதான் வந்து விழுந்துச்சு."

"மோமினாகிட்ட காட்டிட்டியாம்மா?"

"நான் அடிஸ்ல எறங்கிட்டேன் அக்கா. இங்க ஏர்போர்ட் வை-ஃபையிலதான் வந்துச்சு. என்ன செய்யட்டும்? வெச்சுக்கட்டுமா, அழிச்சுடட்டுமா?"

மோமினாவின் முகம் ஊருக்கு வந்துவிட்டது. மோமினா வரவில்லை. வெச்சுக்கோ என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு என்னால் ஆனது என்ன? அந்த அறையின் போன் நம்பரை ஹவாவிடம் கேட்டேன். அறைக்கு நம்பர் இல்லை. அட்டையின் நகலை அடிஸ் போகிற லாரிக்காரனிடம் கொடுத்தனுப்பினேன், அங்கே யாரிடமாவது காட்டச் சொல்லி. யாரிடம் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் ஹோட்டலில் போய் உட்கார்ந்தேன். வெங்காயத்தையாவது உரிக்கலாம் என்று உரித்தேன். போனில் புதிதாக ஒன்றும் விழவில்லை. ஜெம்பெரே கேலி பேசுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏதாவது பேசுங்க அண்ணே" என்பேன். "கல்லு கனக்குது" என்பார்.

பாஸ்கா கழிந்து, கல்குவியலில் உட்கார்ந்து வறுத்த பார்லியைக் கொறித்துக்கொண்டிருந்தபோது பூஜ்யங்கள் வந்தன.

"திரிங்கோ."

"எங்கடி இருக்க?"

"போலீஸ் எடத்துல. அறையில இருந்த எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டாங்க. மேடம் வந்திருக்கா, பாஸ்போர்ட்டோட."

"ஊருக்கு அனுப்பவா?"

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக. இல்லேன்னா உள்ள போடுவாங்களாம், எவ்வளவு நாள்னு சொல்ல மாட்டாங்களாம். ரெண்டு வருஷத்துக்குக் கைநாட்டு வெச்சுட்டேன். அப்புறம் அனுப்பிடறேங்கறா." குரலில் ஒன்றும் இல்லை, கடையில் விலை சொல்வதுபோல் சொன்னாள். "போன் கையில தர மாட்டா. இதுவே அவ டிரைவரோடது. ஒரு நிமிஷம்னு கெஞ்சி வாங்கினேன்."

"நான் அந்த மணியை..."

"அதை விடு. நான் ஒன்பதுன்னு சொல்லியிருக்கணும். நீ என்னைக் கேட்டிருக்கணும். ரெண்டு மடச்சி." மூச்சு வாங்கினாள். "அஃபு சொல்லு திரிங்கோ."

"வந்து குடு. சொல்றேன்."

"டிரைவர் கையை நீட்டறான்டி."

"அட்டை என்கிட்ட இருக்கு. அடகை மீட்காம எப்படிடி..."

"திரிங்கோ. உன் ஒருத்தி வாயிலதான் வரல. அந்த வீட்டுக்குள்ள அதோட போக என்னால ஆகாது. சொல்லு."

ஜெம்பெரே பார்லியை மெல்லுவதை நிறுத்தியிருந்தார். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? படம் அனுப்பத் தெரியவில்லை, மணி பார்க்கத் தெரியவில்லை. அவள் கேட்டதில் என் கையில் இருந்தது இது ஒன்றுதான். ஐந்து வருடமாகப் பிடித்து வைத்திருந்தது.

"அஃபு" என்றேன்.

"மூவாயிரத்து அறுநூறுமா?"

"அதுவும்."

"அந்த அம்பது?"

"அம்பதும் போச்சு போ."

சிரித்தாள். அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் அரபியில் அதட்டியது.

"வெக்கறேன்" என்றாள்.

"வெய்" என்றேன்.